பக்கத்தில் ஆளில்லாத பெஞ்சு

"அந்தப் புள்ளைகதானுங்க வருது. வேற யாரு வாரா? அப்பறம் ரிசல்ட்டு எப்பிடி வரும்?"

கொமரலிங்கத்துப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்னிடம் சொன்னது இது. கெட்ட மனுசர் இல்லை. தன் காசில் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தருகிறவர். அப்படிப்பட்டவர் வாயிலேயே வருகிறது என்பதால்தான் இதை எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. 'அந்தப் புள்ளைக' யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலனிப் பிள்ளைகள். ரெண்டு பேருக்கும் தெரியும்.

பள்ளிப் பதிவேட்டில் ஒரு கட்டத்தில் சாதி, இன்னொரு கட்டத்தில் தேர்ச்சி. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலேயே முதலாவது காரணம், இரண்டாவது விளைவு என்று ஆகிவிடுமா?

பள்ளிக்கூடம் எப்படி இப்படி ஆனது என்று முதலில் பார்ப்போம். அமராவதித் தண்ணீர் பாயும் ஊர் இது. வயல் உள்ளவர் வீட்டுப் பிள்ளையை மெட்ரிக் பள்ளி வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. மிஞ்சியது நம்ம சனம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்போ ஐந்து. ஒருத்தர் பயிற்சி, கூட்டம் என்று போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். பிள்ளை குறைந்தால் வாத்தியார் குறைவார். வாத்தியார் குறைந்தால் படிப்பு குறையும். படிப்பு குறைந்தால் 'பாத்தீங்களா' என்று இன்னும் நாலு பேர் டி.சி. வாங்குவார்கள். இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் நம்ம பிள்ளையின் மூளை வரவே இல்லை. பழி மட்டும் அதன் தலையில்.

வீட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். அம்மா விடியறதுக்குள்ள மில் வேன் ஏறிருது. அப்பன் திருப்பூர் பனியன் கம்பெனியில். ராத்திரி ஷிப்ட்டு முடிந்து வருகிறவர்கள் வீட்டுப்பாடம் சொல்லித் தருவார்களா, உலை வைப்பார்களா? 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. சோறு உள்ளே போன பிறகுதான் பிள்ளை முதல் பாடவேளையில் நிமிர்ந்து உட்கார்கிறது என்றால், அதுவரை நாம் அளந்தது படிப்பையா, பசியையா? இந்த லட்சணத்தில் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று 2019இல் தமிழக அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. நடந்திருந்தால் பத்து வயசிலேயே பெயில் முத்திரை குத்தியிருப்பார்கள். யார் நெற்றியில் என்று சொல்ல வேண்டுமா?

சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர் வகுப்பு மூலையில் தனிச் சாக்கில் உட்கார்ந்தார். அந்தச் சாக்கையும் அவரே சாயங்காலம் வீட்டுக்குச் சுமந்துபோய் மறுநாள் கொண்டுவர வேண்டும். இன்றைக்குச் சாக்கு இல்லை. நம்ம பிள்ளை வகுப்பின் நடுவிலேயே, பெஞ்சிலேயே உட்கார்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார வேண்டியவன்தான் ஊரைவிட்டே வேன் ஏறிப் போய்விட்டான். மூலைக்குத் தள்ளுவதற்குப் பதிலாக வகுப்பையே மூலை ஆக்கியாயிற்று. தனித்தனியாக வைத்துவிட்டுச் சமம் என்று சொல்ல முடியாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்களின் பள்ளி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அங்கே பிரிப்பதற்குச் சட்டம் தேவைப்பட்டது. இங்கே ஒரு டி.சி. போதும்.

தரம் தேடித்தான் போகிறார்கள், சாதி பார்த்து அல்ல என்பவர்களுக்கு ஒன்று. இதே திருப்பூர் மாவட்டத்தில், அவினாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு 2018இல் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகே உத்தரவு ரத்தானது. சோற்றில் என்ன தரக்குறைவு கண்டார்கள்?

சரி, நம்ம பிள்ளை எல்லாத்தையும் தாண்டிப் படித்துவிட்டால்? சங்கர் இந்தக் கொமரலிங்கத்துப் பையன். கூலிக் குடும்பம். பொறியியல் கடைசி ஆண்டு வரை வந்துவிட்டார். கூடப் படித்த சாதி இந்துப் பெண் கௌசல்யாவைக் கல்யாணம் செய்ததற்காக 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தேர்ச்சியில் அவருக்கு என்ன குறை? ஒரே வளாகத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் மனுசனும் மனுசியும் பழகிவிடுவார்கள். சாதி பயப்படுவது நம்ம மார்க்குக்கு அல்ல, அந்தப் பக்கத்து இடத்துக்கு. கௌசல்யா பிறகு சங்கர் பெயரில் இங்கேயே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார். அந்தப் பெண் வந்து உட்கார்ந்ததே ஒரு பாடம்.

இப்போது என் கதை. நானும் இப்படியொரு பள்ளியில் தொடங்கித்தான் எம்.ஏ. தமிழ் வரை வந்தேன். என் மகள்? கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. கட்டணம் அரசுக் காசு. அரசுப் பள்ளியைக் காப்போம் என்று மேடையில் பேசிவிட்டு வந்து மகளின் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறேன்.

மாற்றிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "உங்க கொள்கைக்கு என்ற புள்ளைதான் கெடைச்சுதா? மொதல்ல பெரிய வூட்டுக்காரங்க மாத்தட்டும். நான் மறுநாளே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம்மைத் தொடக்கூடாது என்று விலகிப் போகிறவனும், இனியும் ஒதுக்கப்படக் கூடாது என்று தப்பி ஓடுகிறவளும் ஒரே தப்பைச் செய்யவில்லை. ஆனால் ரெண்டு பேரும் போன பிறகு பெஞ்சில் மிஞ்சுகிற பிள்ளைக்கு ரெண்டும் ஒன்றுதான். அதை மறந்துவிட்டு நியாயம் பேச எனக்கு வாய் வரவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பொதுப்பள்ளி என்று கோத்தாரிக் குழு 1966இலேயே சொல்லிவிட்டது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ரெண்டும் காகிதத்தில் கிடக்கின்றன. தலித் தாய் ஒருத்தி தன் பிள்ளையைப் பலிகொடுத்து இதைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை யாருக்கும் இல்லை. கேட்க வேண்டிய இடம் வேன் நிற்கிற வாசல், அந்த வேனுக்கு வழிவிடுகிற அரசு.

அந்த ஆசிரியரிடம் அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். பதிவேட்டில் நீங்கள் எழுதுகிற தேர்ச்சி அந்தப் புள்ளைகளோடது இல்லைங்க. அது ஊரோட மார்க்கு. அந்த ஊரில் நானும் ஒருத்தன்.