சொன்ன சொல்லும் நின்ற சாதியும்

ஒரு நாடு தான் பிறந்தபோது உரைத்த சொல்லைக் காத்ததா, கைவிட்டதா? இக்கேள்வி எழும்போதெல்லாம் நாம் ஆட்சி மன்றத்தின் வாயிலை நோக்கியே விரைகிறோம். தீட்டிய திட்டங்களை எண்ணுகிறோம். ஆள்வோரைப் போற்றுகிறோம் அல்லது தூற்றுகிறோம். அங்கு மட்டும் தேடினால் பாதி விடைதான் கிடைக்கும்!

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தைப் புரட்டுவோம். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 14-ஆவது பிரிவு அரசைக் கட்டுப்படுத்துவது. தீண்டாமையை ஒழித்து, அதனை எவ்வடிவில் கைக்கொள்வதையும் தடுக்கும் 17-ஆவது பிரிவோ அரசோடு நிற்கவில்லை. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைப்பவரையும், தெருவில் வழி மறிப்பவரையும் அது கட்டுப்படுத்துகிறது. நம்மையும்தான்! அந்த வாக்கைத் தந்தது அரசு மட்டுமன்று, மக்களாகிய நாம்.

அரசு செய்தது என்ன? தீண்டாமைக் குற்றங்களுக்கு 1955-இல் ஒரு சட்டம். வன்கொடுமைகளைத் தடுக்க 1989-இல் ஒரு சட்டம். மனிதக் கழிவை மனிதனே அள்ளும் இழிவைத் தடுக்க 1993-இல் ஒன்று. அது போதாதென்று 2013-இல் மற்றொன்று! பாதாளச் சாக்கடையில் மாண்டவர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டுமென 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு ஏறிற்று, இழப்பு நின்றதா?

சமுதாயம் செய்தது என்ன? 2011-12-இல் நாடளாவ நடந்த மனித வளர்ச்சி ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 27 குடும்பங்கள் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாகத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டன. சாதி கடந்த திருமணங்களோ நூற்றுக்கு 5 அளவே!

வியப்பென்ன இதில்? கிளையை வெட்டினோம், வேருக்கு நீர் வார்த்தோம். தீண்டாமையை ஒழித்த சட்டம் சாதியை ஒழிக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டவே, பெரியாரின் அழைப்பை ஏற்று 1957 நவம்பர் 26-இல் சட்ட நகலைக் கொளுத்தி ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கரும், அரசியலில் சமத்துவமும் சமுதாய வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக முரண்பட்ட வாழ்வில் நுழையப் போகிறோம் என்று 1949 நவம்பர் 25-இலேயே எச்சரித்தார்.

பல நூற்றாண்டுப் பிணி சில பத்தாண்டுகளில் தீருமா என்பர் சிலர். மருந்துண்டு காத்திருப்பவன் கேட்கவேண்டிய கேள்வி அது! மருந்தை மாடத்தில் வைத்து மாலை சூட்டியவனுக்குக் காலம் என்ன செய்யும்? பிணி முற்றும், அவ்வளவே.

சட்டம் பயனற்றது என்பதன்று நம் வாதம். கிணற்றடியில் தடுக்கப்பட்டவன் நீதிமன்றத்தின் படியேற அது வழி திறந்திருக்கிறது. முன்னோர்க்கு அவ்வழியும் இல்லை. ஆனால், அவன் படியேற வேண்டிய நிலையை உண்டாக்குவது யார்? அயல்நாட்டானா? அண்டை வீட்டான் அன்றோ!

ஆகவே, நாடு சொல் காத்ததா என்று கேட்போர் நாடாளுமன்றத்தைக் கேட்கட்டும், தவறில்லை. கேட்டுவிட்டு வீடு திரும்பியதும், மணமகள் தேவை என்று தாம் எழுதி வைத்திருக்கும் விளம்பரத்தையும் எடுத்துப் படிக்கட்டும். அதில் சாதியின் பெயர் இருக்குமானால், சொல் தவறிய இடம் எதுவென்று நாம் எடுத்துரைக்கவும் வேண்டுமோ?