கூலிக்குப் பதில் சொல்பவன் யார்?



நமதாண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையை (மத்தேயு 20) பலமுறை கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் வந்தவனுக்கும் முழுக் கூலி கிடைத்ததையே நாம் பெரிதாய்ப் பேசுவோம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆள் கூப்பிடத் தோட்டக்காரன் மேஸ்திரியை அனுப்பவில்லை. ஒரே நாளில் ஐந்து முறை தானே போனான். கூலியைக் கொடுத்தது காரியஸ்தன். முறுமுறுப்பு எழுந்தபோதோ, பதில் சொன்னவன் எஜமான்.

நம் பக்கத்தில் அந்த எஜமானைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. எண்ணூர், மணலி ஆலைகளில் கம்பெனி ஆளும் காண்டிராக்ட் ஆளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்கிறார்கள். கூலி தவறினால் "காண்டிராக்டரைக் கேள்" என்கிறது கம்பெனி. "பில் பாஸாகவில்லை" என்கிறார் காண்டிராக்டர்.

சென்னைத் துறைமுகத்திலும் ஒரு காலத்தில் மேஸ்திரி கை காட்டியவனுக்கே அன்று சோறு. 1948-ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டமும், அதன்கீழ் அமைந்த வாரியமும் பெயரைப் பதிந்து, முறை வைத்து வேலை கொடுத்து, வேலையில்லாத நாளுக்கும் ஒரு தொகை கிடைக்கச் செய்தன. இராயபுரத்தில் எத்தனையோ பிள்ளைகள் படித்தது அந்தப் பதிவினால்தான்.

சொந்தத் தொழில் தாழ்ந்ததென்று சொல்லவில்லை. அர்ச். சின்னப்பர் கூடாரம் செய்து பிழைத்தார். சொந்தப் படகில் போகும் காசிமேட்டு மீனவர் எவருக்கும் கூலியாள் அல்ல. ஆனால் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் தம்பியைக் கம்பெனி 'கூட்டாளி' என்கிறது. கட்டணத்தை அவனா வைக்கிறான்? பெட்ரோல் அவனுடையது, விழுந்தால் முறியும் காலும் அவனுடையது. இது என்ன கூட்டு!

தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்பதனாலேயே கூலி நீதியாகிவிடாதென்று 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ஆம் ஆண்டு நிருபத்தில் போதித்தார். பசியில் இட்ட கையெழுத்து மனதார இட்டதாகாது. காண்டிராக்டர் கூலி கொடாவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே கொடுக்க வேண்டுமென்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அக்கடமை அப்படியே நிற்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

பத்து இருபது ஆள் வைத்து வேலை எடுக்கும் சிறு காண்டிராக்டர்கள் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் பாடும் கஷ்டந்தான், அறிவேன். ஆயினும் ஆட்களின் கூலியை நிறுத்தி வைத்துக்கொண்டு, திருவிழாத் தேருக்கு நன்கொடை எழுத வருகிறவரிடம் அதை வாங்க எனக்குப் பிரியமில்லை. முதலில் ஆட்களுக்குக் கொடுங்கள், தேர் காத்திருக்கும்.

கூலி பாக்கியுள்ளவர்கள் கேட் பாஸ், வருகை அட்டை, பாங்குப் புத்தகம் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். தொழிலாளர் அதிகாரிக்கு மனு எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள்.