ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் மகன்

கணித மேதை ராமானுஜனின் தந்தை கே. சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக் குமாஸ்தா. மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவில். சாரங்கபாணி சன்னதித் தெருவின் சிறிய வீட்டில், வெளியூர் மாணவர்களைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டும், கோயிலில் பஜனை பாடித் தாயார் கோமளத்தம்மாள் பெற்றதைச் சேர்த்தும் மாதம் ஓடியது.

வாழ்க்கை வரலாறுகளில் பக்கம் பக்கமாக வருபவர் தாயார்தான். மகனோடு ஆடுபுலி ஆட்டம் ஆடியவர் அவர். 1909-இல் ஜானகியைப் பெண் பார்த்துக் கல்யாணத்தை முடித்தவரும் அவரே. அந்தக் கல்யாணத்துக்குத் தந்தை வரவேயில்லை. இதை வைத்து அவரை ஒட்டாத மனிதர் என்று தீர்ப்பெழுதுவது சுலபம், நியாயமில்லை. விடிந்தால் கடை, இருட்டினால் வீடு என்றிருந்தவருக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசப் பொழுது ஏது? கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோய், 1905-இல் மகன் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினம் போய்விட்டபோது, வெளியூர்களில் தேடி அலைந்தவர் இதே தந்தை.

1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற ராமானுஜன், போர்ச் செய்திகளைத் தாயாருக்கு விரிவாக எழுதினார். தந்தைக்கு எழுதியதோ வீட்டைக் கவனித்துக்கொள்வது பற்றி, சாக்கடை வழியாமல் பார்த்துக்கொள்வது பற்றி. படிப்பவருக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் தஞ்சைப் பக்கத்தில் அப்பாவும் பிள்ளையும் இன்றும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்: ஆற்றில் தண்ணீர் வந்ததா, நடவு முடிந்ததா, ஓடு மாற்றியாயிற்றா. பாசத்தை வாய்விட்டுச் சொல்லப் பழகாத இருவருக்கு வீட்டுக் காரியம்தான் பேச்சு. கடல் கடந்து இருப்பவன் சாக்கடையைப் பற்றி ஒருவருக்கு எழுதுகிறான் என்றால், வீட்டை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறான் என்று பொருள்.

மகனுக்கு 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் கிடைத்த குமாஸ்தா சம்பளம் 30 ரூபாய். தந்தை வாங்கியதைவிடக் கூடுதல். 1918 டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. உடல்நலம் குன்றியிருந்த ராமானுஜன் 1919 ஜனவரியில் பதில் எழுதினார்: அதில் 50 பவுன் பெற்றோருக்குச் சேரவேண்டும், தம் செலவு போக மிஞ்சுவது ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகவேண்டும்.