யாரைப் பார்த்துக் கேட்டேன்?

நான் குடியிருப்பது வண்டலூருக்கு அருகே ஒரு சிற்றூர். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே கிராம சபைக்குப் போனேன். ஊராட்சித் தலைவர் ஒரு பெண்மணி. ஆனால், வாருங்கள் என்று உபசரித்தவர் அவருடைய கணவர். குடிநீர் வராததைப் பற்றி அவரிடமே கேட்டேன். அவரும் பதில் சொன்னார். தலைவர் பக்கத்திலேயே மௌனமாக இருந்தார்.

வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. மனைவியின் பதவியைக் கணவன்மார் வகிக்கிறார்கள் என்று அங்கலாய்ப்பவன் நான். ஆனால் அவரைப் பார்த்துக் கேட்டவன் யார்?

1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. சட்டம் நாற்காலியைக் கொடுக்கும்; நம் செவியை அதனால் கொடுக்க முடியுமா? அண்டையிலுள்ள தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாயிற்று. 2022-இல் வசந்தகுமாரி கமலக்கண்ணன் அதன் முதல் மேயரானார். அங்கே மேயர் அங்கியும் மன்றக் கூடமும் ஒரு பெண்ணின் பதவியை ஊருக்குக் காட்டிவிடும். சிற்றூர்த் தலைவருக்கு வாய்த்ததோ ஒரு மேஜையும் சில நாற்காலிகளுந்தான்.

“பெண்கள் வாசல் வாசலாகப் போய் விசாரிப்பார்களே, சபையில் எதற்குப் பேச வேண்டும்?” என்பார் உண்டு. விதவை பென்ஷன் வராத துயரத்தை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கூச்சமின்றிச் சொல்லுவாள், மெய்தான். ஆயினும் வாசலில் சொல்லும் வார்த்தை ஆறுதல். சபையில் சொல்லும் வார்த்தை வாக்கு. ஆறுதலுக்குக் கணக்குக் கேட்க முடியாது. வாக்கு தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று அடுத்த சபை கூடும்போது ஒரு கிழவிகூட எழுந்து, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்கலாம்.

வண்டலூர்ப் பக்கமும் பழைய கிராமமாக இல்லை. 1985-இல் உயிரியல் பூங்கா வந்தது. 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. மாடி வீடுகளில் குடியேறியவர்களைக் குழாயடியில் சந்திக்க இயலாது. அவர்களுக்கும் சேர்த்துப் பேச, சபையை விட்டால் வேறு இடமேது?

சென்ற முறை நான் தலைவரை நோக்கியே கேட்டேன்: “அம்மா, ஏன் தண்ணீர் வரவில்லை?” அவர் ஒரு கணம் கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“மோட்டார் எரிஞ்சு போச்சுங்க சார். புதுசுக்கு எழுதியிருக்கோம். அடுத்த வாரமும் வரலேன்னா என்கிட்ட வந்து கேளுங்க.”

போய்க் கேட்க வேண்டிய கடமை இப்போது எனக்கு.