சம்பளமும் சாதகமும்

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யும் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கான நாடாவை நெசவாளர் போட, ஒரு பக்கத்துக் கரைக்கு உதவியாள் போடுவார். அந்த உதவியாள் முன்பெல்லாம் பெரும்பாலும் ஒரு பையன். அவன் தொழில் கற்றுக்கொள்வதும் சேலை வளர்வதும் ஒரே காரியம்.

சங்கீதமும் இந்த ஊரில் ஏறக்குறைய அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் பாடம் கேட்டார்கள். லயத்தில் அவ்வளவு துணிச்சல் உள்ள ஒருவர் சாதகம் செய்யும்போது அதே வீட்டுக்குள் இருப்பதே பாதிப் பாடமாக இருந்திருக்கும். அவர் 1934இல் இறந்தார். சிதம்பரத்தில் இசைக் கல்லூரி 1929லேயே வந்துவிட்டது. பின்னால் பிருந்தாவும் சென்னையில் கர்நாடக சங்கீதக் கல்லூரியில் ஆசிரியையானார், அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் சொல்லிக்கொடுத்தார். 1976இல் சங்கீத கலாநிதி.

கச்சேரி செய்கிறவர் கல்லூரி ஆசிரியரானால் எதை இழக்கிறார்? நேரத்தை என்பார்கள். பகலில் பாங்குக் கவுண்டரிலும் இரவில் விமர்சனத்திலும் காலம் தள்ளுகிற எனக்கு இந்தப் பதில் மிகவும் சௌகரியமானது. எழுதாமல் விட்ட கட்டுரைகளுக்கெல்லாம் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் நாயனா பிள்ளைக்கு மட்டும் நாளுக்கு இருபத்தைந்து மணியா?

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தருகிறார். தெரியாததோடு மல்லுக்கட்டுவது வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. பல்லவியில் கணக்கு சரியாக எடுப்பில் வந்து விழுவதை மாணவன் கேட்கிறான், அதற்கு முன் பத்துத் தடவை தவறியதைக் கேட்பதில்லை. அவனுக்குப் போய்ச் சேரும் சங்கீதம் முடிந்துபோன சங்கீதம்.

அதற்காகக் குருகுலத்துக்குத் திரும்பச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தறியில் உட்கார்ந்த பையனை, அப்பா வாங்கிய முன்பணம் அங்கே கட்டிப்போட்டிருந்ததும் உண்டு. குருவின் வீட்டிலும் எடுபிடி வேலைதான் பல பேருக்குப் பாடத்தின் விலை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்ட பிறகே திறந்த கதவுகள் எத்தனை! விண்ணப்பம் பூர்த்தி செய்து உள்ளே போக முடிவது அற்ப விஷயமல்ல. சம்பளமும் கேவலமல்ல, சபாக் காரியதரிசியின் தயவை எதிர்பார்க்காமல் பாட அது உதவுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு விரிவுரையாளர், மறுநாள் கச்சேரியை வைத்துக்கொண்டு, வீட்டில் வசப்படாத ஒரு பல்லவியை வகுப்பிலேயே பாடிப் பார்த்தார். மூன்று முறை தவறியது. ஒரு பெண் சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் தாளத்தை நிறுத்தவே இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தைப் பாடக் குறிப்பேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. காலியாக விட்டிருக்கிறார்.