நிழலை விட்டு விரட்டலாமா?

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால், 'இந்த வருஷம் எங்கே போகலாம்?' என்ற பேச்சு மதுரையிலுள்ள நம் குடும்பங்களில் எழுவது வழக்கம். முன்பெல்லாம் அது உறவினர் ஊரோடு முடிந்துவிடும்; மிஞ்சினால் கொடைக்கானல். இப்போது சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ தேக்கடி, முதுமலை, பந்திப்பூர் என்று வனவிலங்குகளைப் பார்க்கப் போகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் மகன் அழைத்தான் என்று, அங்குள்ள குரூகர் தேசியப் பூங்காவுக்கே சென்று, தாங்களே கார் ஓட்டிச் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்த்து வந்த ஒரு குடும்பத்தாரை நாம் அறிவோம்.

அந்த வீட்டுப் பெரியவர் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், இவ்வளவு பணம் செலவழித்து மிருகங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, வெறுமனே பார்த்தோம். இதில் மார்க்கத்துக்கு விரோதமாக ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

செலவைப் பற்றிய பதில் எளிது. ஜகாத்தும் கடனும் கொடுபட்டு, வீட்டாரின் உரிமைகளும் நிறைவேறிய பின், ஹலாலான பணத்தில் அளவோடு செல்லும் பயணத்தை மார்க்கம் தடுக்கவில்லை. படைப்புகளைப் பார்க்கும்படி திருமறையே நம்மைத் தூண்டுகிறது. ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா என 'காஷியா' அத்தியாயத்தில் அல்லாஹுத் தஆலா கேட்கிறான். ஒட்டகத்தைப் பார்ப்பது இபாதத்தாக முடியுமென்றால், யானையைப் பார்ப்பதும் அப்படியே.

ஆனால், 'வெறுமனே பார்த்தோம்' என்ற சொல்தான் நம்மைத் தடுத்து நிறுத்தியது. பார்ப்பது எப்போதும் வெறும் பார்ப்பதுதானா?

இதைக் கேட்கும் தகுதி நமக்கு எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர்களோடு ஒரு வேனில் முதுமலைச் சாலையில் போனோம். சாலையோரம் குட்டியோடு ஒரு யானை நின்றது. வண்டியை நிறுத்தாதீர்கள் என்று எழுதிய பலகையைச் சற்று முன்புதான் கடந்திருந்தோம். ஆனாலும் பிள்ளைகள் கேட்டார்கள் என்று நிறுத்தச் சொன்னோம். பிள்ளைகள் கூவினார்கள், ஒருவர் ஹாரன் அடித்தார், ஜன்னலுக்கு வெளியே நாலைந்து செல்போன்கள் நீண்டன. தாய் யானை குட்டியைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டு, காதுகளை விரித்து ஓரடி முன்னே வைத்தது. டிரைவர் பயந்து வண்டியைக் கிளப்பினார். நாம் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே போனோம். அன்றிரவு தங்கிய இடத்தில் 'நம்லு' அத்தியாயத்தை ஓதியபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

சுலைமான் (அலை) அவர்கள் பெரும் படையோடு எறும்புகளின் ஓடையை நெருங்குகிறார்கள். தங்களை அறியாமலேயே அவர்கள் நம்மை மிதித்துவிடக்கூடும், வீடுகளுக்குள் போய்விடுங்கள் என்று ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை எச்சரிக்கிறது. அதைக் கேட்ட அந்த மாமன்னர் புன்னகைத்து, தமக்குக் கிடைத்த நிஃமத்துக்கு நன்றி செலுத்தவும் நற்செயல் புரியவும் அருள்பாலிக்குமாறு துஆச் செய்தார்கள். அறிந்து மிதிக்க மாட்டார்கள் என்று அந்த எறும்புக்கு ஒரு நபியின் படையைப் பற்றி நல்லெண்ணம் இருந்தது. நம் வேனைப் பற்றி அந்த யானைக்கு அப்படி நல்லெண்ணம் கொள்ள இடமிருந்ததா? நாமோ பலகையைப் படித்துவிட்டு, அறிந்தே நிறுத்தியவர்கள்!

"பயந்தது என்றால் என்ன நஷ்டம்? அடித்தோமா, கொன்றோமா?" என்று சிலர் கேட்கக்கூடும். இங்கேதான் ஒரு ஹதீஸை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மக்கா ஹரமின் சிறப்புகளைக் கூறிய நாயகம் (ஸல்) அவர்கள், அங்குள்ள வேட்டைப் பிராணிகளை மிரட்டி விரட்டவும் கூடாது என்றார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை அறிவிக்கும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவர் இக்ரிமா (ரஹ்) அவர்கள், விரட்டுவது என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நிழலில் நிற்கும் பிராணியை அங்கிருந்து கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் நீ போய் இறங்குவதுதான் அது என்றார்கள்.

எவ்வளவு நுட்பமான விளக்கம்! கல் எறியவில்லை, கயிறு வீசவில்லை. வெயிலில் வந்த மனிதன் நிழலில் ஒதுங்குகிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த நிழல் அதற்கு முன்பே இன்னொரு உயிருக்கு உரியதாக இருந்தது.

இந்தச் சட்டம் ஹரமுக்கு உரியது என்பதையும், முதுமலை ஹரம் அல்ல என்பதையும் நாம் அறிவோம். சட்டத்தை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தவில்லை. எது தொந்தரவு என்பதற்கான அளவுகோலை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஓர் உயிரை அதன் நிழலிலிருந்தோ, நீரிலிருந்தோ, குட்டியின் பக்கத்திலிருந்தோ நம் வருகை நகர்த்திவிடுமானால் அது வெறும் பார்வை அல்ல. ஹரமுக்கு வெளியேயும் நாயகம் (ஸல்) அவர்கள் இதைக் கற்பிக்காமல் விடவில்லை. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு குருவியின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்க்குருவி சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இதன் குஞ்சைக் கொண்டு இதை வேதனைப்படுத்தியது யார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். அபூதாவூதில் இது இருக்கிறது.

"எல்லாம் மனிதனுக்காகத்தானே படைக்கப்பட்டன?" என்பது அடுத்த கேள்வி. ஆம், வசப்படுத்தித் தரப்பட்டுள்ளன. ஆனால் பூமியில் நடப்பவையும் சிறகால் பறப்பவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தில் 'அன்ஆம்' அத்தியாயம் பேசுகிறது. இன்னொரு சமுதாயத்தின் ஊருக்குள் போகிறவன் அனுமதி பெற்றவனாக நடப்பானா, அதிகாரியாக நடப்பானா?

குரூகர் பூங்காவின் விதிகளை அந்தப் பெரியவர் சொல்லக் கேட்டபோது நமக்கு ஆச்சரியமாக இருந்தது. 1926-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த வனத்துக்குள் 1927-இல்தான் முதன்முதலாக மோட்டார் கார்களில் சுற்றுலாவினர் நுழைந்தனர். இன்றும் சொந்தக் காரில் போகலாம். ஆனால் தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும், மண் சாலையில் 40-க்கும் மேல் போகக்கூடாது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக்கூடாது. இருட்டுவதற்குள் வாயிற்கதவு மூடப்படும். சுருங்கச் சொன்னால், அங்கே மனிதன் கூண்டில் இருக்கிறான், மிருகம் சுதந்திரமாக இருக்கிறது.

நம் நாட்டில் முதுமலைக் காட்டுக்குள் சுற்றிப் பார்க்க வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். ஆனால் ஊட்டி-மைசூர் நெடுஞ்சாலை காட்டின் நடுவே செல்வதால், அந்தச் சாலையே நம்மவர்களுக்கு இலவசக் காட்சிசாலை ஆகிவிட்டது. வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் சாவதைக் கண்டுதான் பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து 2009-இல் தடை செய்யப்பட்டது. சரணாலயங்களில் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அன்போடு வாழைப்பழம் எறிகிறோம் என்பவர்களும் யோசிக்க வேண்டும். எறிந்த பழத்துக்காகச் சாலைக்கு வந்து பழகிய குரங்கு, பின்னால் வரும் லாரியின் சக்கரத்துக்கு இரையாகிறது. தர்மம் என்று நினைத்துச் செய்தது கொலைக்குத் துணையாகிவிடுகிறது.

விதியைக் கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில்தான் ஈமான் சோதிக்கப்படுகிறது. 'மாயிதா' அத்தியாயத்தில் இதற்குச் சான்று இருக்கிறது. இஹ்ராம் கட்டியிருந்த ஸஹாபாக்களுக்குக் கையும் ஈட்டியும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகள் வந்தன. மறைவிலும் தன்னை அஞ்சுபவர் யார் என்று வெளிப்படுத்தவே இந்தச் சோதனை என்று அல்லாஹ் கூறுகிறான். இது ஹுதைபிய்யா ஆண்டில் நடந்தது என்பர் முஃபஸ்ஸிர்கள். அன்று ஈட்டி எட்டும் தூரம். இன்று செல்போன் எட்டும் தூரம். பத்தடி தள்ளி மான் நிற்கிறது, கார்டு யாருமில்லை, இறங்கிப் படம் எடுக்க மனம் துடிக்கிறது. அந்த நேரத்தில் கதவைத் திறக்காத கைதான் தக்வா உள்ள கை.

ஆகவே, போக விரும்புவோருக்கு நாம் சொல்வது இதுதான். நிய்யத்தைச் சரிசெய்துகொண்டு போங்கள். ஹாரனையும் பாட்டையும் நிறுத்துங்கள், வேகத்தைக் குறையுங்கள். எதையும் எறியாதீர்கள். விலங்கு உங்களைக் கண்டு தலை தூக்கினால், உங்கள் பங்கு முடிந்தது என்று நகருங்கள். மதுரையிலிருந்து முதுமலை 300 கிலோமீட்டருக்கும் மேல் ஆவதால் கஸ்ர் உண்டு. ஆயினும் காட்டு வழியில் இறங்கித் தொழ இயலாது. தொழுகை கஸாவாகாதபடி நேரத்தை முன்பே அமைத்துக்கொள்ளுங்கள்.

வசதியில்லாதவர்கள் ஏங்க வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி நம் மேலூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பாறைகளில் வல்லூறுகள் வாழ்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால், உச்சி வெயிலில் உங்கள் வாசற்படி நிழலில் வந்து படுக்கும் தெருநாயைப் பாருங்கள். அதைக் கிளப்பிவிடாமல் சற்று ஒதுங்கி நடக்கும் பிள்ளைக்குத்தான், நாளை காட்டில் யானையைப் பார்க்கும் தகுதி வருகிறது.

அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால், நாங்கள் போனதில் நன்மையா தீமையா ஹஜ்ரத்?" என்றார். "நீங்கள் வந்து போனது அந்த உயிர்களுக்குத் தெரியாமலே இருந்திருந்தால் நன்மைதான்" என்றோம்.

தன் படைப்புகளைக் கண்டு படிப்பினை பெறவும், அவற்றின் நிழலைப் பறிக்காமல் வாழவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.