சரணடைதலும் துரோகமும்

தோல்வி உறுதியான பின்னர் படைவீரரின் உயிரைக் காக்கும்பொருட்டு வாளைக் கீழே வைக்கும் தளபதி துரோகியா? அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகிய இதனை 1849ஆம் ஆண்டின் ஹங்கேரிய வரலாறு மிகக் கூர்மையாக எழுப்புகின்றது.

ஒஸ்திரியப் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்த ஹங்கேரியர், 1849 ஏப்ரல் 14இல் டெப்ரெசென் நகரிற் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். ஒஸ்திரியாவுக்குத் துணையாக ருஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலஸின் பெரும்படையும் களமிறங்கவே, நிலைமை மாறிற்று. ஓகஸ்ட் 9இல் டெமெஷ்வார் நகரருகே பெம் தலைமையிற் போரிட்ட ஹங்கேரியப் படையை ஒஸ்திரியத் தளபதி ஹைனாவ் சிதறடித்தான். ஓகஸ்ட் 11இல் நாட்டின் தலைவர் கொஷூத், அதிகாரத்தைத் தளபதி கோர்கெயிடம் ஒப்படைத்துப் பதவி துறந்தார். ஓகஸ்ட் 13இல் விலாகோஷ் அருகே ஏறக்குறைய 30,000 வீரருடன் கோர்கெய் ருஷ்யரிடம் சரணடைந்தார்.

அதன்பின் நிகழ்ந்ததே வினாவைச் சிக்கலாக்குகின்றது. ருஷ்யர் கைதிகளை ஒஸ்திரியரிடம் கையளித்தனர். ஒக்டோபர் 6இல் அராட் நகரில் 13 தளபதிகள் கொல்லப்பட்டனர். ருஷ்யச் சக்கரவர்த்தியின் தலையீட்டால் கோர்கெயின் உயிர் மட்டும் தப்பியது. அதற்கு முன்னரே, நாடுகடந்து சென்ற கொஷூத் அவரைத் துரோகியெனப் பழித்துக் கடிதம் வரைந்திருந்தார்.

கோர்கெயைக் குறைகூறுவோர்க்கு ஒரு வலுவான நியாயம் உண்டு. கொமாரோம் கோட்டையைக் காத்த கிளாப்கா, தம் வீரர்க்குப் பாதுகாப்பு உறுதி பெற்ற பின்னரே ஒக்டோபரில் அதனை ஒப்படைத்தார். கோர்கெயோ எவ்வித நிபந்தனையுமின்றிச் சரணடைந்தார். ஆயினும், கிளாப்காவுக்கு மதிலும் காலமும் துணைநின்றன. இரு பேரரசுகளின் படைகளுக்கிடையே திறந்த வெளியில் நின்றவர்க்கு அவை இருக்கவில்லை. பகைவரின் இரக்கத்தை அவர் அளவுக்கு மீறி நம்பினார் எனலாம். ஆனால் தவறான கணிப்பு வேறு, துரோகம் வேறு. துரோகம் என்பது தன்னலங் கருதிப் பிறரை விற்பது. கோர்கெயோ, தம்மையே பலியாக ஏற்றுத் தோழர்க்கு இரங்குமாறு ருஷ்யத் தளபதி ரூடிகருக்கு எழுதியவர்.

இங்கு வேறொன்றும் நோக்கற்பாலது. ஒருவன் தன் உயிரை இலட்சியத்துக்கு ஈதல் தியாகம்; பயனில்லையென அறிந்தும் பிறர் உயிர்களைத் தன் புகழுக்காக ஈதல் தியாகமாகாது. 30,000 பேரின் சாவினால் டெமெஷ்வார்த் தோல்வி வெற்றியாக மாறியிராது.

எனினும் தோற்ற சமுதாயம் தன் துயருக்கு ஒரு பெயர் தேடுகின்றது. இரு பேரரசுகளின் வலிமையால் வீழ்ந்தோம் என்பதிலும், ஒருவனால் விற்கப்பட்டோம் என்பது அதற்கு ஆறுதலளிக்கின்றது. அந்த ஆறுதலின் விலையைக் கோர்கெய் 1916 மே 21இல், தமது 98ஆவது வயதில் இறக்கும்வரை செலுத்தினார். அது புடா நகரை அவர் வென்ற நாளின் 67ஆம் ஆண்டு நிறைவு.

தோழர் தூக்கிலேறத் தாம் வாழ்ந்தமை அவரது துயரம். அதனையே அவரது குற்றமாகக் கொள்ளுதல் நீதியாகாது.